இன்னும் கொஞ்சம் தெளிவா

மார்ச் 3, செவ்வாய்

பெட்டி வந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒவ்வொன்றும் நாற்பத்தோரு கிலோ. இருவர் சேர்ந்து தூக்கவும் என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. என் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் லிஃப்ட் மெக்கானிக்குகள் இரண்டு பேர் மூச்சிரைக்கத் தூக்கி வந்தார்கள். லிஃப்டில் ஏற்றவில்லை. எடை தாங்குமாம், ஆனால் குலுங்குமாம். ஊரில் பாதி லிஃப்டுகளைப் பராமரிக்கிற மனிதர் தன் ஸ்பீக்கரை மட்டும் படி வழியாக மூன்றாம் மாடிக்குக் கொண்டுவருகிறார். லிஃப்டில் போகிற நாமெல்லாம் குலுங்கினால் பரவாயில்லை போல.

முந்தைய ஸ்பீக்கர்களுக்குப் பதினான்கு மாத வயது. அவை மகளின் அறைக்குக் குடிபோயின. மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு ஆம்ப்ளிஃபயரும், காரணம் மறந்துபோன ஒரு மரப்பெட்டியும் இருக்கின்றன.

"பழசுக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டேன்.

"குறைச்சல்னு இல்ல. நடுவுல கொஞ்சம் மூடின மாதிரி இருக்கு. மெல்லிசா ஒரு துணி போட்டு மூடின மாதிரி."

அதற்கு முந்தையதில் கம்பளி போட்டு மூடினாற்போல் இருந்தது. இந்த வேகத்தில் போனால் இன்னும் இரண்டு ஸ்பீக்கரில் பாடகியே நேரில் வந்து சோபாவில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்பாள்.

நான் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் வேலை பார்ப்பவள். சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, வெளியே மெஷின் முன்னால் இருந்துகொண்டு, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று சொல்வது என் பிழைப்பு. இருபத்திரண்டு வருடம். அலுத்து வீட்டுக்கு வந்தால், இவர் என்னை உட்காரவைத்துக் கேட்கிறார்: "கேக்குதா?"

மார்ச் 6, வெள்ளி

புது ஸ்பீக்கர் இருநூறு மணி நேரம் பாடினால்தான் பழகுமாம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகும் வீட்டில் யாருக்கோ கச்சேரி நடக்கிறது. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்துமூன்று வருடம். மணிக்கணக்காக மாற்றிப் பார்த்தேன். இன்னும் பழகவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மதியம் மருந்துக்கடைக்காரர் வந்தார். இவருடைய சத்த சிநேகிதர். முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தி, விற்றுவிட்டு, இப்போது தெரிந்தவர்கள் வீட்டு ஸ்பீக்கர்களுக்கு வைத்தியம் பார்க்கிறார். வந்ததும் கண்ணை மூடுவார். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். பிறகு மருந்து எழுதுவார். ஒன்று பலிக்காவிட்டால் அடுத்தது. அதற்குப் பக்கவிளைவு வந்தால் அதற்கொன்று. ஆள்தான் ஓய்வு பெற்றார், தொழில் பெறவில்லை.

இன்றைக்கு ஒரு வயலின் இசைத்தட்டு. மூன்றாவது நிமிடத்தில் வாசிப்பவரின் நாற்காலி கிறீச்சிடுகிறதாம். வளர்ந்த ஆண்கள் இருவர், வயலினை விட்டுவிட்டு, நாற்காலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து ஏழு தடவை.

"இப்போ கேக்குதா தங்கச்சி?"

"கேக்குது," என்றேன்.

ஒன்றும் கேட்கவில்லை. இல்லையென்றால் எட்டாவது தடவை. நாற்காலிதான் வேண்டுமென்றால் சமையலறையில் மூன்று கிடக்கின்றன. எல்லாமே கிறீச்சிடும்.

மருந்து: வெள்ளிக் கம்பியில் செய்த கேபிள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

வெள்ளிக் கம்பி வந்தது, மாட்டியாயிற்று, நோய் தீரவில்லை. ஆகவே குற்றம் கூடத்தின் மேல் விழுந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் வீட்டு ஆட்டக்காரர் டேப் வைத்து அளந்து கோணல்தான் என்று நிரூபித்தே விட்டார். ஒரு சுவர் எதிர்ச்சுவரைவிட நான்கு அங்குலம் நீளம்.

சோபா வெளியேறிப் பின்பக்கச் சுவரோரம் போயிற்று. எங்கள் கல்யாணப் போட்டோ இருந்த இடத்தில் முட்டை அட்டை போல ஒரு பஞ்சு. கூடத்தின் நடுவே, தரையில் ஒட்டுநாடாவால் ஒரு பெருக்கல் குறி, அதன்மேல் ஒற்றை நாற்காலி. அங்கே உட்கார்ந்தால்தான் சத்தம் சரியாகச் சேருமாம். அரை அடி தள்ளினால் போச்சாம். நான் சோபாவில், அதாவது அது போன சுவரோரத்தில்.

"நான் எங்க உக்காந்து கேக்கறது?"

ஏதோ முணுமுணுத்தார். என்ன என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். எப்போதும் ஒன்றுமில்லைதான்.

ஏப்ரல் 8, புதன்

கிளினிக்கில் பதினேழு பேர். வழக்கம்போல் மூன்று மனைவிகள், "இவருக்குச் சுத்தமா காது கேக்கல" என்று கணவன்மாரை இழுத்து வந்தார்கள். மூன்று பேருக்கும் காது பிரமாதம். ஒரு குறிப்பிட்ட குரல் மட்டும் கேட்காது. அதற்கு எங்களிடம் மெஷின் இல்லை.

ஒரு பஸ் டிரைவர், தகுதிச் சான்றிதழுக்கு வந்தவர். நான் வாயை மறைத்துக்கொண்டு வார்த்தைகளைப் படிக்க வேண்டும், அவர் உள்ளிருந்து திருப்பிச் சொல்வதை என் ஹெட்போனில் கேட்டு எழுத வேண்டும். இருபத்தைந்தில் பத்து தப்பு. "நல்லாத்தான் கேக்குது மேடம், ஹார்ன் எல்லாம் கேக்குது" என்று வாதாடினார். எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். தன் முதுகு தனக்குத் தெரிகிறதா? தப்புக்களை எழுதி டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். சான்றிதழ் கிடைக்காது. பாவம்தான், ஆனால் அந்த வண்டியில் நாமும் போகிறோமே.

ஏப்ரல் 18, சனி

மகள் வந்தாள், பத்து நாள் லீவு. அறைக் கதவைத் திறந்தாள். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். மூடினாள்.

"அம்மா, இது என் ரூமா, குடோனா?"

"உன் ரூம்தான். ரெண்டு ஸ்பீக்கர் வாடகைக்கு இருக்கு."

சோபாவில் படுத்துக்கொள்கிறாள். சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்கிக் குறைத்தாள். "ஏம்மா இவ்ளோ சத்தம்? கீழ் வீடு வரைக்கும் கேக்கும்."

"உங்கப்பாவோட இருபத்துமூணு வருஷம் இருந்து பாரு. அந்தப் பாட்டுக்கு மேல கேக்க வேணாமா?"

"அப்பா இப்ப வீட்லயே இல்லையேம்மா."

படிக்கப் போன இடத்தில் வாயையும் படித்துக்கொண்டு வருகிறார்கள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மகளை ரயிலேற்றிவிட்டு வந்தேன். வந்தால் கூடத்தில் மாநாடு. இவரும் மருந்துக்கடைக்காரரும் டேப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மகள் அறையிலிருந்து வெளியே வருகிறார்கள்.

"ரூம்னா இதான் ரூம் தங்கச்சி. நாலு சுவரும் சமம். இதுல பாட்டுக் கேட்டா அது ஒரு தனி—"

"அது அவ ரூம்."

இவர் மெதுவாகச் சொன்னார், "வருஷத்துல இருபது நாள்தானே வர்றா."

இருபத்திரண்டு வருட அனுபவத்தையும் ஒரே நிமிடத்தில் கொட்டினேன். "ஐம்பத்துநாலு வயசு ஆம்பளைக்கு எவ்வளவு கேக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க அளந்து அளந்து தேடற அந்த மெல்லிசு சத்தமெல்லாம் உங்க காதுலயே கிடையாது. இல்லாத ஒண்ணுக்குத்தான் இந்த வீட்டைத் தலைகீழாக் கவுக்கறீங்க. கிளினிக்குக்கு வாங்க, பேப்பர்ல போட்டே தரேன். ரெண்டு பேரும் வாங்க."

மருந்துக்கடைக்காரர் செருப்பைத் தேடினார். இவர் டேப்பைச் சுருட்டினார். டக்கென்று உள்ளே ஓடும் டேப் அது. அதைக் கூடச் சத்தமில்லாமல் சுருட்டினார்.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ? பேசினால் என்ன. உண்மைதானே.

ஏப்ரல் 28, செவ்வாய்

பதினான்காம் டோக்கன் என்று கூப்பிட்டால், இஸ்திரி போட்ட சட்டையில் இவர் எழுந்து வருகிறார். வரிசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். சொல்லவே இல்லை. மருந்துக்கடைக்காரரும் கூட வந்திருந்தார், ஆனால் அவருக்கு இன்றைக்கென்று சளி. "காது அடைச்சிருக்கு தங்கச்சி, இப்போ பாத்தா சரியா வராது."

உள்ளே உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்தினேன். அந்நிய மனிதர் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

எழுதவே கடுப்பாக இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டார். எவ்வளவு குறைத்தாலும் பட்டன். வழக்கமாக நிறுத்தும் இடத்தையும் தாண்டி மேலே, கொசு போலக் கீச்சிடும் சத்தங்களுக்குப் போனேன். அங்கேயும் பட்டன். ஐம்பத்துநாலு வயதில் யாருக்கும் இப்படி ஒரு காது இருக்கக் கூடாது. லிஃப்ட் மோட்டாருக்குள் எந்த பேரிங் தேய்கிறது என்று கதவுக்கு வெளியே நின்று சொல்கிற காது.

விடுவேனா? வார்த்தைச் சோதனை. படித்தேன், திருப்பிச் சொன்னார், எழுதினேன். ஏழு தப்பு. வெற்றியோடு தாளை நீட்டினேன்.

"பாருங்க. நான் 'கல்'னு படிச்சா 'பல்'னு சொல்லியிருக்கீங்க."

"நானும் கல்னுதானே சொன்னேன்."

"பல்."

"இது என்ன? 'சட்டை'க்கு நேரா 'கட்டை'ன்னு எழுதியிருக்கே. நான் சட்டைன்னு சொன்னேன்."

"நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன்."

இவர் தாளைப் பார்த்தார். என் ஹெட்போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி, விடு" என்று எழுந்து, "பில்லு எங்க கட்டணும்?" என்றார்.

தோற்றவர் மாதிரி போகவில்லை. ஜெயித்தவர் மாதிரியும் போகவில்லை.

மே 3, ஞாயிறு

ஐந்து நாளாகப் பாட்டு இல்லை. மகள் அறை பற்றிப் பேச்சே இல்லை. அதைவிட ஒன்று: என்னிடம் எதுவும் சொல்ல வேண்டுமென்றால் எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். நான் முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவும்போது பேசுவதில்லை. குழாயை மூடும்வரை காத்திருக்கிறார். இருபத்துமூன்று வருடத்தில் இல்லாத மரியாதை.

ஏதோ பெரிதாக வாங்கப் போகிறார்.

மே 14, வியாழன்

டாக்டரம்மா கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு தாள். ஒன்று என் கையெழுத்து. இன்னொன்று வேறு மருத்துவமனையுடையது. அந்த பஸ் டிரைவருடையது. அங்கே இருபத்தைந்தில் இருபத்துநான்கு சரி.

"ஒரு மாசத்துல இவ்வளவு மாறாது," என்றார் டாக்டரம்மா. "எங்க தப்பு நடந்திருக்கும்னு நினைக்கறீங்க?"

"மெஷின்," என்றேன். யோசிக்கவே இல்லை. "ஹெட்போன்ல ஏதோ கோளாறு. ரொம்ப நாளாவே ஒரு மாதிரி மங்கலா இருக்கு. நான் வால்யூமைக் கூட்டிக் கூட்டித்தான் வெச்சுக்கறேன்."

சொன்ன பிறகு என் காதிலேயே அது விழுந்தது.

மனுஷன் ஒரு மாசம் வண்டி எடுக்கலையாம். ஒரு மாசம். நான் எழுதின தாளால. மெஷினாத்தான் இருக்கணும். இருக்கணுமே.

மே 20, புதன்

மெஷினைச் சரிபார்க்கும் கம்பெனி ஆள் வந்தார். எல்லாவற்றையும் பிரித்து, அளந்து, ஒட்டுச்சீட்டு ஒட்டினார். மிகச் சரியாக இருக்கிறதாம். ஹெட்போனும். புதிது மாதிரி இருக்கிறதாம்.

கூடம் கோணல் இல்லை.

மே 23, சனி

சனிக்கிழமை ஒரு மணிக்கு கிளினிக் மூடிவிடும். சாவி என்னிடம். தன்னைத் தானே சோதித்துக்கொள்ள முடியாது, எப்போது சத்தம் வருகிறதென்று கை அறிந்துவிடும். கூட வேலை பார்ப்பவரைக் கேட்கலாம். வாய் வரவில்லை. இவருக்குப் போன் செய்தேன். "கொஞ்சம் கிளினிக்குக்கு வர்றீங்களா?" ஏன் என்றே கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் வந்துவிட்டார், வேலை பாதியில், கையில் கிரீஸோடு.

சொல்லிக்கொடுத்தேன். "கேட்டா பத்து குறைங்க. கேக்கலைன்னா அஞ்சு கூட்டுங்க. முகத்துல எதையும் காட்டக்கூடாது." தலையாட்டினார். குமிழைத் திருப்பிப் பார்த்தார். "என்னமா வழவழன்னு திரும்புது பாரு!" மனைவி செவிடா என்று பார்க்க வந்த இடத்தில்.

தினம் பதினைந்து பேரை அனுப்பிய அறை. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. தன் மூச்சு கேட்கும். தொண்டையில் எச்சில் இறங்குவது கேட்கும். அவ்வளவு பேரையும் இதற்குள் தனியாக விட்டுவிட்டு வெளியே நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கனத்த, கீழ்ச் சத்தங்கள் வந்தன. அமுக்கினேன், அமுக்கினேன். இது போதுமே, நல்லாத்தானே இருக்கு என்று நினைத்தேன். பிறகு ஒன்றும் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் கை திரும்புகிறது. ஐந்து. இன்னும் ஐந்து. பட்டனைத் தொட்டுச் சத்தத்தை அனுப்புகிற விரல் தெரிகிறது. இப்போ அனுப்பறார். இப்போ. விரலைப் பாத்து நான் அமுக்கியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. இவருக்குக் கூட. திங்கட்கிழமை தலையை நிமிர்த்திப் போயிருக்கலாம்.

கண்ணை மூடிக்கொண்டேன்.

ரொம்ப நேரம் இருட்டு. அப்புறம் எங்கேயோ தூரத்துல, கீச்சுன்னு.

வெளியே வந்தபோது இவர் குறிகளை எல்லாம் கட்டத்தில் போட்டு முடித்திருந்தார். பள்ளிப் பிள்ளை மாதிரி, பென்சிலால். இரண்டு கோடும் பாதி வரை நேராக வந்து, பிறகு படியில் உருண்டாற்போல் இறங்கின. இடது காது இன்னும் மோசம். இப்படி எத்தனை தாளை நான் பார்த்திருக்கிறேன். "வயசுக்கு இது சகஜம்தாங்க" என்று எத்தனை பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

"எனக்கு ஒரு வருஷமா சந்தேகம்," என்றார் இவர்.

"ஏன் சொல்லலை?"

"நீ காது பாக்கறவ. உங்கிட்ட வந்து நான் சொல்றதா? அதுவுமில்லாம—" கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "சொன்னா கேக்கற ஆளா நீ?"

சிரிப்பு வந்தது. அழுகையும். எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

மே 25, திங்கள்

டாக்டரம்மாவிடம் பென்சில் தாளைக் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "ஆறு மாசத்துல நீங்க பண்ணின வார்த்தைச் சோதனை எத்தனை?" என்று மட்டும் கேட்டார். முப்பத்தொன்று. எல்லோரையும் திரும்ப அழைக்க வேண்டும். போன் செய்யும் வேலை எனக்கே. சத்தச் சோதனைகளில் தப்பில்லை, அதில் பட்டனை அமுக்குவது அவர்கள்தான். வார்த்தைகளைக் கேட்டு எழுதியது நான்.

மே 27, புதன்

டிரைவர் வந்தார். கூட வேலை பார்ப்பவர் சோதித்தார். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து.

"தப்பு என் மேலதான்," என்றேன். "உங்க காதுல இல்ல. என் காதுல."

தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வேற ஆஸ்பத்திரிப் பேப்பர் வாங்கற வரைக்கும் முப்பத்திரண்டு நாள் வீட்ல உக்காந்திருந்தேன் மேடம். டெப்போல செவிட்டு டிரைவர்னு பேரு வெச்சிட்டாங்க. பேப்பர் இப்போ வந்தாச்சு. பேரு போகுமா?"

போகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"உங்களுக்கு யாரு மேடம் பேப்பர் குடுக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் இப்போது வரவேற்பு மேஜையில். டோக்கன் கொடுக்கிறேன்.

ஜூன் 14, ஞாயிறு

முப்பத்தொரு பேரில் நான்கு பேருக்கு முடிவு மாறியது. நான்கு பேரிடமும் பேசினேன். ஒருவர் மட்டும் திட்டினார். அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

இவர் ஒரு வாரமாக எனக்குக் காதுக் கருவி தேடுகிறார். நினைத்தேன், ஸ்பீக்கருக்கு ஓய்வு கொடுத்தாரே, அந்த வியாதி எங்கே போயிருக்கும் என்று. சமையலறை மேஜை முழுக்கத் தாள்கள். ஐந்து கம்பெனி, பதினேழு மாடல், கட்டம் போட்டு, மூன்று நிறத்தில்.

"எதுவும் வேணாம்," என்றேன். "அடிப்படை மாடல் போதும். ஆயிரம் பேருக்கு நானே சொல்லியிருக்கேன், மேல போகப் போக வித்தியாசம் அவ்வளவு இல்லைன்னு."

"நீ போட்டுப் பாத்தியா?"

பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி. மருந்துக்கடைக்காரர். தாள்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார். அப்புறம் தன் வலது காதுக்குள் விரலை விட்டு மிளகளவு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். இடது காதிலிருந்து இன்னொன்று.

இவர் வாய் திறந்தது திறந்தபடி.

"ஆறு வருஷமா போட்டிருக்கேன். இது நாலாவது செட்டு. உங்க அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்." பிறகு இவரைப் பார்த்து, "என்ன சொல்றீங்க?" என்றார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது, காதில்தான் எதுவும் இல்லையே.

வெள்ளிக் கம்பிக்கும் செம்புக் கம்பிக்கும் வித்தியாசம் கண்டுபிடித்த காது! வயிறு வலிக்கச் சிரித்தேன். மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான்.

ஜூலை 2, வியாழன்

காதுக் கருவிக் கம்பெனிப் பிரதிநிதி வந்து மாட்டிவிட்டார். டை கட்டிய, மிகவும் பொறுமையான மனிதர். பல வருடமாக எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர். இதுவரை நான் அவரை நிற்கவைத்தே பேசி அனுப்பியிருக்கிறேன். இன்று நான் உட்கார, அவர் என் காதைத் தொட்டார். அடிப்படை மாடல்தான். பிடிவாதமாக.

"கொஞ்ச நாள் எல்லாமே சத்தமா இருக்கும். பழகிடும் மேடம்," என்றார்.

ஜூலை 5, ஞாயிறு

உலகம் இவ்வளவு சள்ளை பிடித்ததா? செய்தித்தாள் திருப்பினால் அப்பளம் நொறுங்குகிறாற்போல் ஒரு சத்தம். ஃபிரிட்ஜுக்கு மூச்சு வாங்குகிறது. இவர் முழங்கால் எழுந்திருக்கும்போது டிக்கென்கிறது.

முக்கியமானது இது. இவர் முணுமுணுப்பதெல்லாம் கேட்கிறது! "ஒண்ணுமில்ல" என்பதற்கு முன்னால் ஒன்று இருந்திருக்கிறது. மூன்று நாளில் எண்ணினேன், பதினோரு முணுமுணுப்பு. இரண்டு என் சமையலைப் பற்றி. ஒன்று என் அக்காவைப் பற்றி. ஒன்று நன்றாகவே இருந்தது, நான் சொன்ன எதற்கோ சொன்ன நக்கல். இத்தனை வருடமும் எனக்குச் சுடச்சுடப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார் மனிதர். நான்தான் ஒரு வருடமாகப் பாதியைத் தவறவிட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் கேட்டும் கேட்காதவளாக இருந்தேனோ என்னவோ.

"எங்கக்கா மூக்கைப் பத்தி இன்னொரு தடவை சொல்லுங்க," என்றேன்.

டீ கீழே சிந்தியது. அந்தச் சத்தமும் கேட்டது.

ஜூலை 19, ஞாயிறு

மகள் அறையிலிருந்த எல்லாவற்றையும் விற்றுவிட்டார். நான் சொல்லவில்லை. கட்டில் நாலு காலில் நிற்கிறது. கூடத்தில் பெரியது இரண்டும் இருக்கின்றன. அவற்றையும் விற்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். தியாகிகளோடு குடித்தனம் செய்வது ரொம்பக் கஷ்டம்.

ஒற்றை நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். சரியான இடம் ஒன்றுதான், இருவர் உட்கார முடியாது. அரை மணி நான், அரை மணி இவர் என்று உடன்பாடு. என் அரை மணி முடிந்ததும் கடிகாரத்தைக் காட்டுகிறார். கொஞ்சமும் வெட்கமில்லாமல் இன்னும் ஒரு பாட்டு என்றேன்.

ஆகஸ்ட் 10, திங்கள்

மறுபடி மெஷின் முன்னால். டாக்டரம்மாவின் ஏற்பாடு: ஒரு மாதம் கூட வேலை பார்ப்பவரும் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தாளில் எழுதுவார். மாலையில் இரண்டு தாளையும் ஒப்பிடுவோம். இன்று ஐந்து பேர், நூற்றிருபத்தைந்து வார்த்தை. இரண்டு இடத்தில் வித்தியாசம். ஒன்றில் தப்பு என்னுடையது. இன்னொன்றில் அவருடையது.

அவருடையதைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. தாளை மட்டும் கொஞ்ச நேரம் அவர் முன்னால் வைத்திருந்தேன்.

உள்ளே போகிறவர்களிடம் இப்போது ஒரு வரி கூடுதலாகச் சொல்கிறேன். "நான் வெளியதான் இருக்கேன். கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

செப்டம்பர் 4, வெள்ளி

அமைதியான இடத்தில் எல்லாம் சரி. ஆனால் கிளினிக் வரவேற்பறையில், நாற்பது பேர் பேசும்போது, எல்லாம் ஒரே இரைச்சல். எதிரே இருப்பவரின் குரல் மட்டும் அடியில் போய்விடுகிறது. பிரதிநிதியிடம் சொன்னேன்.

"அடிப்படை மாடல்ல அது அப்படித்தான் மேடம். இதோ இது மேல் மாடல். கூட்டத்துல எதிர்ல பேசறவங்களை மட்டும் தனியா எடுத்துக் குடுக்கும். ரெண்டு வாரம் சும்மா போட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடலாம்."

சும்மாதானே. வித்தியாசம் ஒன்றும் இருக்காது, எனக்குத் தெரியாதா.

செப்டம்பர் 19, சனி

இரண்டு வாரம் நேற்றோடு முடிந்தது.

இவர் காலையிலேயே கேட்டார், "பழசே நல்லாத்தானே இருந்துச்சு?" நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானம் கம்பெனியின் இணையதளத்தைப் பார்த்தேன். இதற்கும் மேலே ஒன்று, வரும் ஜனவரியில் வருகிறதாம்.

பிரதிநிதி மூன்று தடவை போன் செய்துவிட்டார். அடுத்த அறையில், கைப்பைக்குள், துணி மூட்டைக்கு அடியில் இருந்தது போன். மூன்று தடவையும் மணி அடித்தது துல்லியமாகக் கேட்டது.

எடுக்கவில்லை.